பெட்டிக்கு இருபது கிலோ, தாய்க்கு ஒரு சாண் கிடையாதா?

கடந்த ஜனவரியில் என் தாயாரை அழைத்துக்கொண்டு திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு இரவு விமானத்தில் சென்றேன். தங்கை அங்கே பிள்ளை பெற்றிருந்தாள். அம்மாவுக்கு வயது 72. இரண்டு முழங்கால்களும் தேய்ந்தவை. குறைந்த கட்டண விமானம்தான். ஆனால் அதன் முன்பகுதியில், ஒரு திரைக்கு அப்பால், அகலமான இருக்கைகள் சில உண்டு. அவற்றில் இரண்டை வாங்கினேன். நான் செய்த குற்றம் இவ்வளவே.

ஊர் திரும்பிய முதல் வெள்ளிக்கிழமை, எடமலைப்பட்டி புதூரில் ஜும்ஆ முடிந்து வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். மூத்த உறவினர் ஒருவர் தோளைத் தொட்டார். "என்ன தம்பி, ஃபிளைட்டுல முன்னாடி உக்காந்து போனீங்களாமே? பெருமானார் ஈச்சம் பாயில படுத்தாங்க. நாலு மணி நேரம் பொறுக்க முடியலையா?" சுற்றி நின்ற இருவர் புன்னகைத்தனர். ஒருவர் இஸ்ராஃப் என்ற சொல்லை மெதுவாக உச்சரித்தார். நான் அங்கேயே அவருக்குப் பதில் சொன்னேன். சொன்னதைத்தான் இங்கும் எழுதுகிறேன். ஆகவே இது புறம் பேசுவதாகாது. அவர் இதைப் படிப்பார் என்றும் எனக்குத் தெரியும்.

முதலில் கணக்கு. பின்பகுதி இருக்கை ஒன்றுக்கு ஏறத்தாழ 12,000 ரூபாய். முன்பகுதிக்கு 28,000. ஆளுக்கு 16,000 கூடுதல், இருவருக்கும் 32,000. சிறிய தொகை என்று நான் சொல்லவில்லை. ஒரு குடும்பத்தின் ஒரு மாதச் செலவு அது. இதைக் கேள்வி கேட்க என் உறவினருக்கு உரிமை உண்டு. கேட்டதில் எனக்கு வருத்தமில்லை. கேள்வியோடு அவர் கொண்டுவந்த அளவுகோலில்தான் எனக்கு வழக்கு இருக்கிறது.

குறைந்த கட்டண நிறுவனங்களின் முன்வரிசை என்றால் பலருக்கு அரச படுக்கை நினைவுக்கு வருகிறது. உள்ளதைச் சொல்கிறேன். லயன் ஏர் குழுமத்தின் மலேசிய நிறுவனம் 2013-இல் மலிண்டோ என்ற பெயரில் பறக்கத் தொடங்கியது. 2022-இல் பாத்திக் ஏர் எனப் பெயர் மாற்றிக்கொண்டது. அதன் போயிங் 737-800 விமானத்தில் 162 இருக்கைகள். அவற்றில் முன்பகுதிக்கு உரியவை 12. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 2024-இல் தன் புதிய 737-8 விமானங்களின் முன்வரிசைகளை 'எக்ஸ்பிரஸ் பிஸ்' என்று பெயரிட்டு விற்கத் தொடங்கியது. இவை சாயும் நாற்காலிகள், கட்டில்கள் அல்ல. ஏர் ஏசியா எக்ஸ் நிறுவனத்தின் பெரிய ஏ330 விமானத்தில் படுக்கையாக விரியும் இருக்கைகள் உண்டு. 377-இல் அவை 12 மட்டுமே. நாங்கள் சென்றது நாற்காலி வகைதான். கால் நீட்டலாம். முதுகைச் சாய்க்கலாம். இருபுறமும் முழங்கை இடிக்காது. சூடான உணவு வரும். இதற்கு மேல் அங்கே எந்த அதிசயமும் இல்லை.

இனி பின்பகுதி. அங்கே ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையே 28 முதல் 30 அங்குலம். என்னைப் போன்ற நடுவயதுக்காரனுக்கு அது தொல்லை, அவ்வளவே. மடக்கினால் நிமிர்த்த முடியாத, நிமிர்த்தினால் மடக்க முடியாத கால்களை உடையவருக்கு அது வேறு. நடு இருக்கையில் மாட்டிக்கொண்டால் கழிப்பறைக்கு எழ இருவரை எழுப்ப வேண்டும். நம் தாய்மார்கள் எழுப்ப மாட்டார்கள். எழ வேண்டி வருமே என்று மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். குறைந்த கட்டண விமானத்தில் பெரும்பாலும் தண்ணீர் புட்டியையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அவர்கள் கையில் ரிங்கிட்டும் இராது, கேட்க மொழியும் இராது. நாவறண்டு, கால் வீங்கி, ஒரு சொல் பேசாமல் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். இறங்கியதும் மகள் கேட்டால், "ஒரு சிரமமும் இல்லம்மா" என்பார்கள். நாம் அதை நம்புகிறோம். நம்புவது நமக்கு மலிவாக முடிகிறது.

இதையெல்லாம் மருத்துவப் பூச்சு பூசி நியாயப்படுத்த நான் வரவில்லை. நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ அசையாமல் அமர்ந்து பயணம் செய்தால் கால் நரம்பில் இரத்தம் உறையும் ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் அறிவித்தது. ஆனால் அந்த ஆபத்து அசையாமைக்கு உரியது. அகல இருக்கையில் அசையாமல் கிடப்பவருக்கும் அது உண்டு. ஆகவே உயிரைக் காக்க முன்வரிசை வாங்கினேன் என்று பொய் சொல்ல மாட்டேன். வலியைக் குறைக்க வாங்கினேன்.

வலியைக் குறைப்பது மார்க்கத்தில் ஒரு காரணமா? என் உறவினர் ஈச்சம் பாயை நினைவூட்டினார். அதைவிட வலுவான சான்றை நானே அவருக்குத் தருகிறேன். பெருமானார் (ஸல்) அவர்கள் ஹஜ்ஜுக்குச் சென்றது பழைய சேணத்தின் மீது. விரித்திருந்த துணி நான்கு திர்ஹம்கூடப் பெறாது என்று இப்னு மாஜாவில் காணலாம். தம் ஹஜ்ஜில் முகஸ்துதி கலக்கக் கூடாது என்று அப்போது இறைஞ்சினார்கள். இதை மறுப்பவன் யார்? ஆனால் அதே பெருமானார், கைபரிலிருந்து திரும்பும் வழியில் அன்னை ஸஃபிய்யா (ரலி) ஒட்டகத்தில் ஏறுவதற்காக அருகே அமர்ந்து தம் முழங்காலை நீட்டினார்கள். அன்னையார் அதன்மேல் பாதம் வைத்து ஏறினார்கள். புகாரியில் இருக்கிறது. இன்னொரு பயணத்தில், அன்ஜஷா என்பவர் பாடிப் பாடி ஒட்டகங்களை விரைவாக ஓட்டியபோது, மேலே இருக்கும் பெண்களைக் கண்ணாடிப் பாத்திரங்களுக்கு ஒப்பிட்டு, நிதானமாக ஓட்டும்படி கூறினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் அந்தச் செய்தி பதிவாகியுள்ளது.

தமக்குப் பழைய சேணம். உடன் வருபவருக்குத் தம் முழங்காலே படிக்கட்டு. இரண்டும் ஒரே ஸுன்னத்தின் இரு பக்கங்கள். நாமோ அதைத் திருப்பிப் போட்டுவிட்டோம். நமக்கு வசதி, நம் தாய்க்கு எளிமை.

மிகையாகச் சொல்கிறேன் என்று தோன்றினால் நம் வீடுகளையே எண்ணிப் பாருங்கள். கோலாலம்பூரிலோ துபாயிலோ வேலை பார்க்கும் மகன், நிறுவனச் செலவில் செல்லும்போது முன்வரிசையில் செல்கிறான். யாரும் இஸ்ராஃப் என்பதில்லை. மாஷா அல்லாஹ், பிள்ளை உயர்ந்துவிட்டான் என்கிறோம். அதே மகன் பெற்றோரை அழைக்கும்போது இணையத்தில் இரவெல்லாம் தேடி, நடுவில் எட்டு மணி நேரம் வேற்று நிலைய நாற்காலியில் காத்திருக்க வைக்கும் டிக்கெட்டைக் கண்டுபிடிக்கிறான். 4,000 ரூபாய் மிச்சம். அந்த மிச்சத்தைப் பெருமையாகவும் சொல்கிறான்.

பிறகு பெட்டி. ஏற்கெனவே அனுமதித்த எடை போதாமல் இருபது கிலோ கூடுதலாகப் பணம் கட்டுவோம். மிளகாய்த்தூள், இட்லி அரிசி, முறுக்கு, அங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும் சோப்பு. அதற்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. பெட்டிக்கு இருபது கிலோ கூடுதலாக வாங்கும் நாம், தாயின் காலுக்கு ஒரு சாண் கூடுதலாக வாங்குவதை மட்டும் ஆடம்பரம் என்கிறோம்.

அன்றிரவு நான் கண்ட காட்சியொன்று. இஷா தொழுதுவிட்டு ஒன்பது மணிக்கே கிளம்பி, கிராப்பட்டி, மன்னார்புரம், டி.வி.எஸ். டோல்கேட் வழியாக விமான நிலையம் போய்ச் சேர்ந்தோம். 2024 ஜூன் முதல் இயங்கும் புதிய முனையம் அழகாகத்தான் இருக்கிறது. நடக்கத்தான் நிறைய இருக்கிறது. சக்கர நாற்காலியை முன்பே பதிவு செய்திருந்ததால் அம்மா சிரமப்படவில்லை. முன்வரிசைக்காரர்களை முதலில் ஏற்றினார்கள். அதன் பொருள் அமர்ந்த பிறகுதான் புரிந்தது: மற்ற அனைவரும் நம்மைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். கட்டட வேலைக்குச் செல்லும் இளைஞர்கள், உணவகத்துக்குச் செல்பவர்கள், பிள்ளையைத் தோளில் போட்ட பெண்கள். ஒவ்வொருவரும் ஒரு கணம் எங்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பிறகு கைத்தடியோடு ஒரு மூதாட்டி வந்தார். அம்மாவைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். இருக்கைகளின் விளிம்பைப் பிடித்துப் பிடித்து நகர்ந்தார். அவருக்குப் பின்னால் அவர் மகன், இரு கைகளிலும் இரண்டு பெரிய பைகள்.

"அவங்க எங்கத்தா உக்காருவாங்க?" என்று அம்மா கேட்டார்.

"பின்னாடிம்மா."

"ரொம்பப் பின்னாடியா?"

நான் பதில் சொல்லவில்லை. அந்த மகனிடம் பணம் இல்லாமல் இருந்திருக்கலாம். அவன் நிலை எனக்குத் தெரியாது, தெரியாதவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அந்தப் பைகளை என்னால் மறக்க முடியவில்லை. விமானம் கிளம்பியதும் பணிப்பெண் திரையை இழுத்து மூடினார். கூச்சத்திலிருந்து காப்பாற்றத்தான் அந்தத் திரை என்று எனக்குப் பட்டது. முன்வரிசையில் அமரும் முஸ்லிமுக்கு அந்தக் கூச்சம் வர வேண்டும். வராதவரிடம்தான் என் உறவினர் இஸ்ராஃப் பற்றிப் பேச வேண்டும்.

ஒரு குற்றச்சாட்டை ஏற்றுக்கொள்கிறேன். கூடுதலாகக் கொடுத்த 32,000-இல் பாதி எனக்கு உரியது. அம்மாவை முன்னால் அமர்த்திவிட்டு நான் பின்னால் போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். தனியாக உட்கார மாட்டேன் என்று அவர் மறுத்தார். அதை நான் சற்று விரைவாகவே ஏற்றுக்கொண்டேன் என்பதை அல்லாஹ் அறிவான். இன்னும் இரண்டு முறை வற்புறுத்தியிருக்கலாம். பத்து நாள் கழித்துத் தனியே திரும்பியபோது பின்பகுதியில், 26-ஆம் வரிசையில் வந்தேன். முழங்கால் முன் இருக்கையில் இடித்தது. தூங்கிவிட்டேன். ஒரு கேடும் இல்லை. என்னளவில் ஈச்சம் பாய் வாதம் முற்றிலும் சரி.

இரவு விமானத்தில் நம்மவர் கவனிக்க வேண்டிய இன்னொன்று ஸுப்ஹு. நள்ளிரவு 12:15-க்குத் திருச்சியில் கிளம்பி நான்கு மணி நேரத்தில் இறங்கினோம். நம் கடிகாரத்தில் 4:15. மலேசிய நேரம் நம்மைவிட இரண்டரை மணி முந்தியது, அங்கே 6:45. கிழக்கே பறப்பவனின் இரவில் ஒரு துண்டை வானம் விழுங்கிவிடுகிறது. ஜனவரியில் கோலாலம்பூரில் ஏறத்தாழ 7:20-க்குச் சூரியன் உதிக்கும். கையில் இருந்தது முப்பத்தைந்து நிமிடம். விமானத்தின் வால் பக்கம் அமர்ந்த முதியவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். சக்கர நாற்காலி தேவைப்படுபவரை வழக்கமாக எல்லோரும் இறங்கிய பின்பே இறக்குவார்கள். அதற்குள் அரை மணி போய்விடும். முன்வரிசையிலிருந்து வாசல் ஐந்து எட்டு. நாற்காலி வாசலில் காத்திருந்தது. அம்மா விமான நிலையத்தின் சுராவில் உளூ செய்து, நாற்காலியில் அமர்ந்தபடியே வக்தில் தொழுதார்கள். சலாம் கொடுத்து நிமிர்ந்தபோது வெளியே வெளுத்திருந்தது.

அவர் உணவைத் தொடவில்லை. ஆரஞ்சுச் சாறு மட்டும் குடித்தார். நாற்காலியைச் சாய்க்கும் பொத்தானைச் சொல்லிக்கொடுத்தும் தானாக அழுத்தவில்லை, நான்தான் சாய்த்தேன். நான் கொடுத்த விலையில் அவர் இன்றுவரை தங்கையிடமும் அண்டை வீட்டாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்று: ஸுப்ஹு களாவாகவில்லை.

இரவில் புறப்படாதே, பகல் விமானத்தில் போ என்பவருக்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். பகல் விமானம் கிடைக்குமானால் அதுவே முதியவருக்கு நல்லது. முன்வரிசைக்குப் பணம் இல்லாதவர் நடைபாதையோர இருக்கையைக் கேட்டு வாங்கலாம். இன்னும் சில நூறு கூடுதலாகக் கொடுத்தால் முதல் வரிசையில் சற்றுக் கால் நீட்ட இடம் கிடைக்கும். அவசர வாசல் வரிசையை மட்டும் முதியவருக்குத் தர மாட்டார்கள். கையில் தண்ணீரும் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழமும் கொடுத்துவிடலாம். பாதுகாப்புச் சோதனைக்குப் பின் வெற்றுப் புட்டியை நிரப்பிக்கொள்ள முடியும். கடன் அட்டையில் தவணை போட்டு, வட்டி கட்டி முன்வரிசை வாங்குவதை நான் ஒருபோதும் சொல்லவில்லை. தாயின் முழங்காலுக்காக ரிபாவில் கால் வைப்பது எந்தக் கணக்கிலும் நிற்காது.

இன்னொரு கூட்டத்தாரையும் விட்டுவிட மனமில்லை. உம்ராவுக்குப் புறப்படும்போது முன்வரிசையில் அமர்ந்து, இஹ்ராம் துணி தெரிய, கண்ணாடிக் கோப்பை தெரிய, படம் எடுத்து உறவினர் அனைவருக்கும் அனுப்புகிறார்கள். 'ராயல்' என்றும் 'பிளாட்டினம்' என்றும் பெயர் சூட்டிய பயணத் திட்டங்களை விற்கிறவர்கள், வாங்குகிறவரின் வயதையோ மூட்டையோ கேட்பதில்லை. நான்கு திர்ஹம் துணியின் செய்தி யாருக்குச் சொல்லப்பட வேண்டுமோ அவர்கள் இவர்கள்தாம். ஆனால் இவர்களிடம் யாரும் செருப்படியில் நின்று ஈச்சம் பாயைப் பேசுவதில்லை. துஆ செய்யச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்கிறோம். பள்ளிவாசலுக்குக் கம்பளம் வாங்கித் தருபவர் அவர்களில் இருக்கக் கூடும் என்பது காரணமாக இருக்கலாம்.

திருமணத்தையும் சொல்லியாக வேண்டும். நான் கூடுதலாகக் கொடுத்த தொகையில் வலீமா விருந்தில் தொண்ணூறு பேருக்குப் பிரியாணி போடலாம். நம் மண்டபங்களில் கடைசிப் பந்தி முடிந்ததும் பின்வாசலில் கொட்டப்படும் சோறு அதற்குக் குறைவா என்று, கொட்டுகிறவரிடம் கேட்டுப் பாருங்கள். கொட்டப்பட்ட சோற்றால் யாருடைய வலியும் குறையவில்லை. யாருடைய தொழுகையும் காக்கப்படவில்லை. செலவில் வரம்பு மீறாமலும் கைமுடையாமலும் இடையே நிற்பவரைப் பற்றிக் குர்ஆன் அல்ஃபுர்கான் அத்தியாயத்தில், 67-ஆம் வசனத்தில் பேசுகிறது. கைமுடைதலும் அங்கே கண்டிக்கப்படுகிறது என்பதை நாம் ஓதுகிறோம், காதில் விழுவதில்லை.

"எங்க அத்தாவெல்லாம் ராஜூலா கப்பல்ல டெக்குல படுத்துப் போனாங்க" என்று அன்று செருப்படியில் இன்னொருவர் சொன்னார். உண்மை. 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு நம்மவரைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தது. என் பாட்டனாரும் அதன் மேல்தளத்தில், தகரப் பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்துச் சென்றவர்தான். மழை பெய்தால் நனைந்தார்கள், வாந்தியெடுத்தார்கள், கரை இறங்கிக் கடை வைத்தார்கள். அந்தக் கப்பலிலும் அறைகள் இருந்தன. அவற்றின் கட்டணம் அவர்களிடம் இல்லை. இல்லாமையால் பட்டதை ஸுன்னத் என்று நாம் பெயர் மாற்றக் கூடாது. என் நன்னியை அவர் பின்னாளில் அழைத்துச் சென்றபோது, கடன் வாங்காமல், ஓராண்டு கூடுதலாகச் சேர்த்து, அறைச்சீட்டு எடுத்தார் என்று அத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் மட்டும் மேல்தளத்தில் படுத்துக்கொண்டாராம்.

யமன் நாட்டு மனிதர் ஒருவர் தம் தாயை முதுகில் சுமந்து கஅபாவைச் சுற்றிவந்து, கடனைத் தீர்த்துவிட்டேனா என்று இப்னு உமர் (ரலி) அவர்களிடம் கேட்டார். பேற்று வலியின் ஒரு மூச்சுக்குக்கூட அது ஈடாகாது என்ற பொருளில் பதில் வந்தது. இமாம் புகாரியின் அல்அதபுல் முஃப்ரதில் இருக்கிறது. பயான்களில் நாம் பலமுறை கேட்டு அழுதிருக்கிறோம். அழுதுவிட்டு வீடு வந்து டிக்கெட்டுக்கு மலிவு விலை தேடியிருக்கிறோம்.

அம்மா ஏப்ரலில் திரும்புகிறார். தொலைபேசியில் நேற்றுச் சொன்னார்: "இந்தத் தடவை எனக்கு மட்டும் முன்னாடி எடுக்கச் சொல்லு. நீ வந்தா பின்னாடி உக்காந்துக்க. அந்தப் பொத்தான் இப்ப எனக்கே தெரியும்." அப்படியே பதிவு செய்திருக்கிறேன்.

என் தோளைத் தொட்ட உறவினர் பள்ளி விடுமுறையில் மனைவியோடு பினாங்குக்கு மகன் வீட்டுக்குச் செல்கிறார். அவர் மனைவி என் அம்மாவின் தோழி. படி ஏற முடியாமல் இரண்டு ஆண்டுகளாகக் கீழ் அறையிலேயே உறங்குகிறவர். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.